வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டும் தம்பிமாருக்கு, பெட்ரூம் லைட் விஷயமாக

அன்புள்ள தம்பிமாருக்கு,

கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்த ராமநாதபுரம் கடற்கரை நெடுக உங்கள் வீடுகளுக்கு வயரிங் பார்க்கிறவன் எழுதுகிறேன். நீங்கள் துபாயிலும் தம்மாமிலும் தோஹாவிலும் இருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறீர்கள். "அண்ணே, பெட்ரூம் சீலிங் இதே மாதிரி வரணும்" என்கிறீர்கள். வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறையில் நீங்கள் படுக்கப்போவது லீவில் வரும் ஒரு மாதம். மற்ற நாளெல்லாம் படுப்பது உங்கள் உம்மா வாப்பா, அம்மா அப்பா. அவர்கள் கண்ணுக்காகத்தான் இந்த மடல்.

நீங்கள் அனுப்பும் படங்களில் ஆறு டவுன்லைட்டுக்கு (சீலிங்கில் பதித்துக் கீழ்நோக்கி எரியும் விளக்கு) குறைவாக நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் 12 வாட்ஸ் என்று வைத்தால் ஆறும் சேர்ந்து 6000 லூமனுக்கு மேல் போகும்; லூமன் என்பது விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு. உங்கள் பழைய ஓட்டுவீட்டில் தொங்கிய 60 வாட்ஸ் குண்டு பல்பு தந்தது ஏறத்தாழ 700 லூமன். ஆக, எட்டு ஒன்பது குண்டு பல்பை ஒரே அறையில் மாட்டுகிறோம். அதிலும் இரண்டு, தலையணைக்கு நேர் மேலே. ஹாலில் நிற்கிறவர், உட்கார்கிறவர் அண்ணாந்து பார்க்க மாட்டார். அங்கே எட்டு போட்டாலும் பாதகமில்லை. மல்லாக்கப் படுத்தவருக்கு அந்த விளக்குகள்தானே எதிரே இருக்கின்றன?

உங்கள் கண்ணும் அவர்கள் கண்ணும் ஒன்றில்லை. வயதானால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மஞ்சளடைந்து மங்கும். மங்கின லென்ஸில் வெளிச்சம் நேராகப் போகாமல் சிதறும். "வெளிச்சம் பத்தலை" என்பதும் "கண்ணு கூசுது" என்பதும் ஒரே ஆள் வாயில் வருவது அதனால்தான். அவர்கள் வம்புக்குச் சொல்வதில்லை. சரி, புரை ஆபரேஷன் முடிந்தவர்கள்? டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறிப் போய் லென்ஸ் வைத்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். மஞ்சளடித்த பழைய லென்ஸ் தடுத்துக்கொண்டிருந்த நீல ஒளி, தெளிவான புது லென்ஸ் வழியாகத் தாராளமாக உள்ளே போகும். வெள்ளை வெளேரென்று எரிகிற லைட் ஆபரேஷனுக்குப் பிறகு இன்னும் கூர்மையாகக் குத்துவதாகச் சொல்வது இதனால்தான். ஒரு வீட்டில் அப்படி ஒரு அம்மா, முந்தானையை நாலாக மடித்துக் கண்மேல் போட்டுப் படுத்திருந்தார். பேரன் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். ஒரே சுவிட்சில் ஆறு லைட்டும். ஒன்றை மட்டும் எரியவிட வழியில்லை. அந்த இணைப்பைக் கொடுத்தவர் படத்தில் இருந்தபடி கொடுத்திருந்தார், அவ்வளவுதான்.

கலர் விஷயம். கடையில் 'கூல் டேலைட்' என்று தருவது 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடக் கூட நீலம் கூடும்). 'வார்ம் ஒயிட்' 2700 அல்லது 3000. வெள்ளை எல்இடிக்குள்ளே இருப்பது நீல எல்இடிதான். அதன்மேல் மஞ்சளாகத் தெரியும் பாஸ்பர் பூச்சு கொடுத்து வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2014இல் மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல், பகலா இரவா என்று மூளைக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. 480 நானோமீட்டர் அளவிலுள்ள நீல ஒளிக்கு அவை அதிகமாகத் துடிக்கும். தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் அதனால் குறையும். படுக்கையறைக்கு 3000க்கு மேல் வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான். சீலிங் ஓரத்தில் நீல ஸ்ட்ரிப் ஓடவிடச் சொல்லும் தம்பிகள் இதை இன்னொரு தடவை படிக்கவும். நீலத்தைக் கண் சரியாகக் குவிக்கவும் செய்யாது; ஓரமெல்லாம் மசமசவென்றுதான் தெரியும். பழைய வீடுகளில் எரியும் சின்ன நீல ஜீரோ வாட்ஸ் பல்பு வேறு கதை. அதன் வெளிச்சமே சொற்பம், இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்இடி கண்ணைக் குருடாக்கும் என்று ஃபார்வேர்டு சுற்றும். நம்பி என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். நடுப்பகல் வெயிலில் விழும் வெளிச்சம் 1,00,000 லக்ஸ் வரை இருக்கும், வீட்டு அறையில் சில நூறு. வீட்டு விளக்கால் கண் போகாது. ராத்திரி கூசும், உறுத்தும், தூக்கம் கலையும். நான் பேசுவது அதைப் பற்றி மட்டும்.

அப்புறம் ஃபேன். நீங்கள் படம் எடுத்து அனுப்பும் அறைகளில் ஃபேனே கிடையாது, அங்கே ஏசி ராப்பகலாக ஓடுகிறது. இங்கே ஃபேன் இல்லாமல் யார் படுப்பது? ஃபால்ஸ் சீலிங்கில் விளக்கு உயரத்தில், அதற்குக் கீழே ஃபேன். இறக்கை சுற்றும் வட்டத்துக்கு மேலே ஒரு டவுன்லைட் வந்தாலே தொல்லைதான். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்குப் பதினைந்து தடவை வெளிச்சம் வெட்டுப்படும். சுவரெல்லாம் நிழல் துடிக்கும். அந்த அறையில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள், நெற்றி கனக்கும். தலைவலி என்று டாக்டரிடம் போவார்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

இன்னொரு துடிப்பு, மலிவான டிரைவரால் வருவது. டிரைவர் என்றால் எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றிக்கொடுக்கும் சின்னப் பெட்டி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரைவர் சரியில்லாத விளக்கு நொடிக்கு நூறு தடவை மங்கி எழும். நேரே பார்த்தால் தெரியாது. போன் கேமராவை விளக்குக்கு நேரே பிடித்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். வாங்கும்போது கடையிலேயே பார்த்துவிடலாம். டிம்மருக்கென்று செய்யாத விளக்கை டிம்மரில் போட்டாலும் இதே கூத்துதான். கடலோரத்தில் உப்புக்காற்று டெர்மினலை அரிக்கும், சீலிங்குக்கு மேலே தேங்கும் சூடு டிரைவரைத் தின்னும். ஆகவே நல்ல விளக்காக நாலே நாலு வாங்குங்கள். சுவிட்சைத் தட்டத் தட்டக் கலர் மாறும் மூன்று கலர் லைட்டைப் பெட்ரூமுக்கு வாங்கவே வேண்டாம். கரண்ட் ஒரு நொடி போய் வந்தால் மஞ்சளில் இருந்தது வெள்ளைக்கு மாறிவிடும், ராத்திரி ஒரு மணிக்கு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது சுவிட்ச்போர்டு. கதவோரத்தில் எட்டு சுவிட்ச், எல்லாம் ஒரே மாதிரி வழவழவென்று. பாத்ரூமுக்கு எழுந்த வாப்பா இருட்டில் தடவிப் போய் உத்தேசமாக ஒன்றைத் தட்டுவார், அறை முழுக்க வெள்ளை வெளிச்சம் பாயும். இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு அரை மணி நேரம் வரை ஆகும், வயதானவருக்கு அதைவிடக் கூடுதல். பழகினதைக் கெடுக்க ஒரு தட்டு போதும். அணைத்துவிட்டுத் திரும்பும்போது கட்டில் எங்கே என்று தெரியாது. விழுந்து இடுப்பெலும்பு முறிவது இப்படிப்பட்ட நேரத்தில்தான். வல்லத்தில் (மீன்பிடிப் படகில்) தொழிலுக்குப் போகிற அப்பா உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம், விடியுமுன் அந்தக் கண்ணோடுதான் அவர் கடலைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் மருமகள் ஒரு சுவிட்சின் மேல் சிவப்பு நெயில் பாலிஷ் பூசி வைத்திருந்தாள், மாமியாருக்கு அடையாளத்துக்கு. நல்ல புத்திசாலிப் பெண். ஆனால் இருட்டில் அந்தச் சிவப்பும் தெரியாதே!

இதற்கு வேண்டியது பெரிய செலவில்லை. கட்டிலிலிருந்து கை எட்டும் இடத்தில் டூ வே சுவிட்ச்; ஒரே விளக்கைக் கதவோரத்திலிருந்தும் கட்டிலிலிருந்தும் போட்டு அணைக்கலாம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கட்டிலுக்கும் பாத்ரூம் கதவுக்கும் நடுவே, ஆள் நடமாட்டத்துக்குத் தானாக எரியும் ஒரு வாட்ஸ் மஞ்சள் ஃபுட் லைட். படிக்கிற பிள்ளைக்குத் தனி டேபிள் லேம்ப். டவுன்லைட் கட்டாயம் வேண்டுமென்றால் கால்மாட்டுப் பக்கமும் அலமாரிப் பக்கமும் போடலாம், இரண்டு இரண்டாகப் பிரித்துத் தனித்தனி சுவிட்சில். ஸ்ட்ரிப் லைட்டைத் தடுப்புக்குள்ளே மறைத்துவிட்டால் வெளிச்சம் சீலிங்கில் பட்டு வரும், விளக்கு கண்ணில் படாது.

உங்களிடம் நேரடியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். துபாயில் ராத்திரி பத்து மணிக்கு வீடியோ கால் போட்டால் இங்கே பதினொன்றரை. சவூதி, கத்தார் என்றால் பன்னிரண்டரை. "உம்மா, மொகம் தெரியலை, லைட்டப் போடுங்க" என்கிறீர்கள். ஆறும் எரியும். நீங்கள் பேசிவிட்டுப் படுத்துவிடுவீர்கள். அவர்களுக்கு அதற்குப் பிறகு எங்கே தூக்கம்? வேலை முடிந்ததும் கூப்பிட முடிகிறவர்கள் அப்போதே கூப்பிடுங்கள். முடியாதவர்கள் முகத்தை விட்டுவிட்டுக் குரலோடு பேசுங்கள்.

இனி சீலிங் படம் அனுப்பும்போது கட்டில் எந்தச் சுவரோரம், தலைமாடு எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். அதையும் தளம் போடுவதற்கு முன்னால் அனுப்புங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு வயர் போகும் பைப்பை நகர்த்த என்னால் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் ஊர் வயரிங்காரன்