முடாவும் மொடாவும்

காரைக்குடி,
ஞாயிறு ராத்திரி

மாப்ளே,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. சோம்பல் இல்லைடா, நீ சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். பாதி பலித்தது. மீதியில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பொங்கலுக்கு வந்தபோது பட்டறை வாசலில் நின்றுகொண்டு, டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ என்கிற இஞ்சினியர் வேலையில் வீணாகப் போவதை ஏழு வகையாகப் பிரித்து வைத்தார், அதற்கு ஜப்பானில் 'முடா' என்று பேர் என்றாய். நம் ஊரில் மொடா என்றால் பெரிய பானையல்லவா என்று நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. என் கொட்டகையில் மொடா மொடாவாகத்தான் கிடந்திருக்கிறது.

இத்தனை வருஷமாக நான் வீண் என்று நினைத்தது உடைந்த கல்லை மட்டும். நம் ஆத்தங்குடித் தரைக்கல்தான் உனக்குத் தெரியுமே, கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, கலரைக் கரண்டியால் ஊற்றி அச்சைத் தூக்க வேண்டும். அந்த நேரம் கை லேசாக ஆடினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். கண்ணாடியில் கீறல் இருந்தால் கல்லின் முகத்திலும் அது அப்படியே விழும். இதற்காகவே கல் போடும் பெரியவரிடம் தினமும் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன். நீ சொன்னபடி ஒரு நாள் முழுக்க ஸ்டூல் போட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். கெட்டது நாலே கல். ஆனால் கலர் தீரும்போதெல்லாம் அவர் முற்றத்து வெயிலைக் கடந்து ஆக்சைடு டப்பா இருக்கிற அறைக்குப் போய்வருகிறார், அறுபது வயசு மனுஷன். மணல் சலித்து வரும்வரை மற்ற இரண்டு பேரும் பீடி பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். அவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பலகை அடித்து டப்பாக்களை வைத்தேன், மணலை முந்தின நாள் சாயங்காலமே சலிக்கச் சொன்னேன். அவ்வளவுதான் செலவு.

பெரிய வீண் வேறு இடத்தில் இருந்தது. 100 சதுர அடிக்கு எட்டங்குலக் கல் 225 போதும். நான் கையோடு கையாக இருக்கட்டும், மிச்சத்தை யாராவது வாங்குவார்கள் என்று 300 போடச் சொல்வேன். யாரும் வாங்குவதில்லை. கையால் கலக்கிற கலர், சிமெண்ட் மாறினாலே பச்சை வேறு பச்சையாகிவிடும், அடுத்த ஆர்டரோடு சேராது. போன வாரம் எண்ணினேன், 4,000 கல்லுக்கு மேல் இருக்கிறது. அத்தனைக்கும் சிமெண்ட் காசு, கூலி எல்லாம் கொடுத்தாகிவிட்டது, பேங்க் வட்டியும் ஓடுகிறது. நான் லாபம் எங்கே போகிறது என்று நோட்டில் தேடிக்கொண்டிருந்தேன், அது கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறது! தேவைக்கு மேல் செய்வதுதான் ஏழிலும் மோசம் என்று ஓனோ சொன்னதாக நீ சொன்னது அப்போதுதான் உறைத்தது.

நம் ரத்தத்திலேயே இருக்கிறதோ என்னவோ. ஆச்சிமார் சீர் சாமான் என்று எனாமல் சட்டியும் பித்தளையுமாக அறை அறையாக அடுக்கினார்கள், பாதி ஒரு நாள்கூட அடுப்பைப் பார்த்ததில்லை, இன்றைக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில் விலை பேசுகிறார்கள். இப்போது ஆர்டருக்கு மேல் 15 கல்தான் போடுகிறோம், அதையும் வீட்டுக்காரரிடமே கொடுத்து, பின்னால் உடைந்தால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

வாங்கிக் கட்டிக்கொண்டது தொட்டியில். காத்திருப்பும் வீண்தான் என்றாயே, அதைப் பிடித்துக்கொண்டு ஏழு நாள் தண்ணீரில் கிடக்க வேண்டிய கல்லை நாலே நாளில் எடுத்துவிட்டேன். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது என்று பாலிடெக்னிக்கில் நாம் ரெண்டு பேரும் படித்ததுதான். தேவகோட்டையில் ஒரு வீட்டில் பதிக்கும்போதே மூலை மூலையாக உதிர்ந்தது. மொத்தத்தையும் மறுபடி போட்டுக் கொடுத்தேன். பெரியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஆள் காத்திருந்தால் வீண், கல் காத்திருந்தால் அது வேலை. உங்கள் ஒரகடத்துக் கம்பெனியில் இந்த வித்தியாசத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று எழுது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பெரியவர் கலரைப் பிடிக்கணக்கில்தான் போடுகிறார். எடை போட்டுக் கலந்தால் நிறம் இவ்வளவு மாறாது. தராசு வாங்கி ரெண்டு வாரமாகப் பெட்டியோடு கிடக்கிறது, அவர் முன்னால் பிரிக்கத் தயக்கமாக இருக்கிறது. நீ வந்தால் உன்னை விட்டுச் சொல்லச் சொல்லலாம் என்று பார்க்கிறேன், உன்மேல் அவருக்கு ஒரு பிரியம் உண்டு. ஆத்தாவும் நீ வந்தால் கும்மாயம் கிண்டுகிறேன் என்கிறது. ஆடிக்கு வா.

உன்,
பங்காளி