டேப்பட் சத்தம்

திருவையாறு
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் நீ "மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பாய், நான் "போட்டேன்" என்பேன், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இது உட்கார்ந்து எழுத வேண்டிய விஷயம்.

தாத்தாவின் புல்லட் ஓடுகிறது.

பதின்மூன்று வருஷம் மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடந்த வண்டி. நடுவில் ஒரு வருஷம் அதன் சீட்டில் கோழி அடைகாத்ததை உனக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன், ஞாபகம் இருக்கும். ஆடியில் ஒரு புரோக்கர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுபதாயிரம் தருகிறேன் என்றான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஸ்பானர் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். விற்கக்கூடாது என்று பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. அவன் டயரை எட்டி உதைத்துப் பார்த்த விதம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் கிக்கரே இறங்கவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஓட்டை வழியாக ஊற்றி மூன்று நாள் விட்டேன். பிறகு நாலாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக ஆட்டினேன். ஒரு விரல்கடை நகர்ந்தது. அப்புறம் ஒரு சாண். சாயங்காலம் சக்கரம் முழுதாகச் சுற்றியபோது, சிரிக்காதே, கொட்டகையில் தனியாக நின்று கை தட்டினேன். பசு திரும்பிப் பார்த்தது.

அடி நட்டைக் கழற்றியதும் கிராங்க்கேஸிலிருந்து தார் மாதிரி ஆயில் கொட்டியது. இந்த வண்டிக்கு ஆயில் டேங்க் என்று தனியாகக் கிடையாது, இன்ஜின் வார்ப்புக்குள்ளேயே பின்பக்கம் ஒரு அறை. வருஷக்கணக்கில் நின்றால் அங்கிருக்கும் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸில் தேங்கிவிடும். தெரியாமல் ஸ்டார்ட் செய்தால் எல்லாவற்றையும் வெளியே கக்கும். ஃபெல்ட் ஃபில்டர் கையில் எடுத்ததும் உதிர்ந்தது. கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் இல்லை, பலாப்பிசின்தான் இருந்தது. பைலட் ஜெட்டில் ஊசி விடக்கூடாது, ஓட்டை பெரிதாகிவிடும் என்று தாத்தா சொல்வார். மெல்லிய செப்புக் கம்பியின் ஒற்றை இழையைத்தான் விட்டேன். பொறிக்கு மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுக்கும் பாயின்டின் இரண்டு முகமும் பூத்திருந்தன. தேய்த்து, 0.38 மி.மீ. இடைவெளி வைத்து, கண்டென்சரைப் புதிதாகப் போட்டதும் பிளக்கில் நீலமாகப் பொறி வந்தது.

இவ்வளவும் செய்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கிக்கர் இப்போது வெண்ணெய் மாதிரி இறங்கியது. புல்லட்டில் அப்படி இறங்கக்கூடாது, உன் எடைக்கு ஏறி நின்றால்கூடத் தாங்கும் கம்ப்ரஷன் அது. பழைய மெக்கானிக் பாயை வரவழைத்தேன். இப்போது அவருக்குக் கண் சரியில்லை, காதால்தான் வேலை பார்க்கிறார். பிளக் ஓட்டையில் இரண்டு கரண்டி ஆயில் விட்டு மறுபடி உதைக்கச் சொன்னார். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்து, கம்ப்ரஷன் கொஞ்சம் ஏறும். ஏறவில்லை. சைலன்சர் வாயில் கையை வைத்துக்கொண்டு, "உஸ்ஸுன்னு வருது பாருங்க. எக்ஸாஸ்ட் வால்வு போச்சு" என்றார்.

ஹெட்டை இறக்கினோம். வால்வின் விளிம்பில் ஒரு பக்கம், எலி கடித்த தேங்காய்ப் பத்தை மாதிரி எரிந்துபோயிருந்தது. பாய் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டேப்பட்டை யாரோ டைட் வெச்சிருக்காங்க" என்றார். வால்வைத் தள்ளும் புஷ் ராடுக்கு இடைவெளி வைக்கும் இடம்தான் டேப்பட்.

பாப்பா, இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2012-இல் ஒரு சனிக்கிழமை நீ வண்டியை எடுத்துக்கொண்டு திருச்சி போய்வந்தாய். திரும்பும்போது செங்கிப்பட்டி தாண்டியதும் இழுவை போய், வல்லம் வரைக்கும் இரண்டாவது கியரிலேயே வந்து, கடைசியில் ஒரு மினி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாய். நான் வாசலிலேயே வைத்துக் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் பார்த்தார்கள். "அம்பதுக்கு மேல போகலைப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாய். அடித்து ஓட்டி இன்ஜினைக் காலி செய்துவிட்டதாக நான் சொன்னேன். சாவியை வாங்கி பீரோவில் வைத்தேன். அதற்குப் பிறகு நீ அந்தச் சாவியைக் கேட்கவே இல்லை.

வண்டிக்கு ஒரு நோட்டு உண்டே, தாத்தா 1977-இல் வண்டி எடுத்த அன்றிலிருந்து எழுதியது. அவருக்குப் பிறகு நான் எழுதினேன். பாய் போன பிறகு அதை எடுத்துப் புரட்டினேன். கடைசிக்கு முந்தின வரி என் கையெழுத்து: "8.7.2012 ஞாயிறு. டேப்பட் இரண்டும் டைட் செய்தது. இப்போது சத்தமே இல்லை." கடைசி வரி, அடுத்த சனிக்கிழமை: "வண்டி நின்றது."

எனக்கு டேப்பட் சத்தம் பிடிக்காது, உனக்குத் தெரியும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடை விரலால் உருட்டினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அதுதான் கணக்கு. நான் அதையும் தாண்டி, சுற்றாத அளவுக்கு இறுக்கியிருக்கிறேன். அப்படி வைத்தால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வால்வுக்குச் சூட்டை இறக்கிவைக்க இடம் கிடைக்காது, எரியும் வாயு அந்தச் சந்து வழியாகவே பீறும். ஒரு வாரம் நான் ஊருக்குள் ஓட்டிப் பாதியைக் கெடுத்திருப்பேன். மிச்சம் திருச்சி ரோட்டில் முடிந்தது. நீ அம்பதில்தான் வந்திருக்கிறாய்.

என் மேல் தப்பு. அன்றைக்கு உன் மேல் என்று வாசலில் வைத்துச் சொன்னேன், இன்றைக்கு இதை எழுத்தில் கொடுக்கிறேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "பதிமூணு வருஷம் ஆச்சா உங்களுக்கு" என்றாள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சாவூர் லேத்தில் புது வால்வு, கைடு போட்டு, பேஸ்ட் வைத்து உட்கார வைத்தார்கள். சிலிண்டரின் உள்விட்டம் 70 மில்லி, அப்படியே நன்றாக இருந்தது, பிஸ்டனை மாற்றவில்லை. மொத்தம் 11,000 சொச்சம். எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுங்கள், செல்ஃப் ஸ்டார்ட் போடுங்கள் என்று ஆளாளுக்கு யோசனை. ரோட்டோரத்தில் நின்றால் நானே ஒரு எமரித் தாளை வைத்துச் சரிசெய்துகொள்ளும் சாமானே எனக்குப் போதும்.

முதல் நாள் ஓட்டத்தில் தஞ்சாவூர் போய்ச் சேரவில்லை. காவிரிப் பாலம் தாண்டியது, குடமுருட்டி தாண்டியது, வெட்டாற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டது. டேங்க் துரு உதிர்ந்து, பெட்ரோலைத் திறந்து மூடும் காக்கின் வாயை அடைத்திருந்தது. டேங்கைக் கழற்றி, ஒரு கைப்பிடி அளவு போல்ட் நட்டு போட்டுக் குலுக்கி, வினிகர் ஊற்றி இரண்டு நாள் வைத்து, சோடா மாவு கரைத்துக் கழுவி, உடனே காயவைத்தேன். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் அதற்குத் தாங்காது என்று குழாயையும் மாற்றினேன். போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் வெண்ணாறு, வடவாறும் தாண்டிப் பெரிய கோயில் வாசல் வரை போய், காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

நீ பர்மிங்காமில்தானே இருக்கிறாய். அங்கிருந்து ரெட்டிச் பக்கம் என்கிறார்கள். இந்த வண்டியின் பூர்வீகம் அந்த ஊர்தான். தையல் ஊசி செய்துகொண்டிருந்த கம்பெனி ஒன்று சைக்கிளுக்கு வந்து, அப்புறம் மோட்டார் சைக்கிளுக்கு வந்ததாம். இங்கிலாந்தில் 1970-இல் கம்பெனியை மூடிவிட்டார்கள். 1955-இல் மெட்ராஸில் தொடங்கிய கம்பெனி திருவொற்றியூரில் செய்துகொண்டே இருந்து, 1977-இல் இங்கிலாந்துக்கே வண்டி ஏற்றுமதி செய்தது. தாத்தா வாங்கிய அதே வருஷம். ஊசிக்கு அங்கே ஒரு மியூசியம் இருக்கிறதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எழுது.

ஆர்.சி. புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். இன்னும் இரண்டு வருஷம் போனால் 50 வயசு, விண்டேஜ் நம்பரே வாங்கலாம் என்கிறார்கள். அதை வாங்கினால் தினமும் ரோட்டில் ஓட்டக்கூடாதாம். அந்தப் பட்டம் நமக்கு வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வது மறந்திருக்கும். சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டரைப் பார். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே வா, முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்து. அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸரைப் பிடித்து இன்னும் துளி இறக்கு. கையை விடு, கிக்கரை மேலே வரவிடு, அப்புறம் ஒரே உதை. பாதி உதை உதைத்தால் திருப்பி அடிக்கும், என் கணுக்காலைக் கேள். வலது காலில் கியர், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இடது கால் பிரேக். ஹோண்டா ஓட்டிய பழக்கத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்காதே. மேலே டிக் டிக் என்று கொஞ்சம் கேட்கும். அது இருக்கட்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

ஜனவரியில் ஆராதனைக்கு வருவதாகச் சொன்னாய். டிக்கெட் போட்டதும் சொல். நம்ம ஊர் லைசென்ஸை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. சாவியை பீரோவிலிருந்து எடுத்து வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா