சாப்ளினுக்கு முன்பே சிரித்த பிரான்ஸ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். விழுந்து புரண்டு சிரிக்க வைக்கும் ஊமைப் படம் என்றாலே சாப்ளினில் தொடங்குகிறோம், உங்கள் சினிமா பக்கமும் அதையேதான் செய்கிறது. ஆனால் 1895-லேயே பிரான்ஸின் சினிமா முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படத்தில் ஒரு பொடியன் தோட்டக்காரரின் தண்ணீர்க் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நின்றுவிட்டதே என்று அவர் குழாயின் வாயை உற்றுப் பார்க்கும் நேரம் பார்த்து காலை எடுக்கிறான். முழுசாக ஒரு நிமிடம்கூட ஓடாத படம் சார்! அப்புறம் பாத்தே என்ற பிரெஞ்சுப் பட நிறுவனத்தின் படங்களில் நகைச்சுவை நடிகர் ஆந்த்ரே டீட் கைக்கு எட்டியதையெல்லாம் உடைத்தார். மாக்ஸ் லிண்டர் நேர் எதிர், பட்டுத்தொப்பியும் மீசையுமாகக் கனவான் மாதிரி வந்து மானத்தைத் தொலைப்பார். சாப்ளினே தன் புகைப்படத்தில் "சீடன்" என்று எழுதி இவருக்குக் கொடுத்திருக்கிறார். இந்த மாக்ஸைப் பற்றி ஒரு பக்கம் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்