நீலக் குறிப்பேட்டில் 48 இலக்கங்கள்

தோ பாயோ, சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள செழியனுக்கு,

அம்மாவும் நானும் நலம். என் செய்திகளுக்கு நீலக் குறி விழுகிறது. பெர்த்தில் உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டுக் கணினியில் நச்சுநிரல் புகுந்து, தடுப்பு மென்பொருளைத் திறந்தவுடனே மூடிவிட்டது. விண்டோஸ் ஓடும்போது தேடினால் நச்சுநிரலும் கூடவே ஓடித் தன்னை மறைத்துக்கொள்ளும் என்றும், வெளியிலிருந்து வேறோர் இயங்குதளத்தைத் துவக்கினால் அது வட்டில் கிடக்கும் வெறும் கோப்புதான் என்றும் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ஆகவே அக்காவின் மடிக்கணினியில் (நோய்ப்பட்ட கணினியில் செய்யக்கூடாது என்பதை மறக்கவில்லை) லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் கேஸ்பர்ஸ்கி ரெஸ்கியூ டிஸ்க் என்ற மீட்பு வட்டைத் தம்ப் டிரைவில் ஏற்றினேன்.

அறிமுகமில்லாத இயங்குதளம் துவங்காமல் தடுக்கும் செக்யூர் பூட் (Secure Boot) வசதியை அணைத்துத் துவக்கினால், வட்டு விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டியிருந்தது. விண்டோஸுக்குத் திரும்பினால், செக்யூர் பூட் அமைப்பை மாற்றியதால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. நீலக் குறிப்பேட்டில் உன் கையெழுத்தில், ஆறாறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள் இருந்தன. பெருமையாக இருந்தது. பிட்லாக்கரை நீக்கி, நச்சுநிரல் பட்டியலைப் புதுப்பித்து, இரவெல்லாம் தேடவிட்டேன். விண்டோஸுக்கே உரிய கோப்பு ஒன்றிலும் தொற்று இருந்தது. அதை அழித்திருந்தால் கணினி எழுந்தே இருக்காது என்பதால், குணப்படுத்தச் சொன்னேன். அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ், வங்கிக் கடவுச்சொற்களைக் கைப்பேசியிலிருந்து மாற்றினேன். நீயும் முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வை. இணைத்தே வைத்திருந்தால் அது நகல் ஆகாது. கழற்றி வை.

வேலை முடிந்ததும், 2013-இல் வேறொரு நச்சுநிரல் பூட்டிவிட்ட பாட்டியின் படங்கள் கிடைக்குமோ என்ற நப்பாசையில், ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய எக்ஸ்பி கணினியின் வட்டையும் இணைத்துப் பார்த்தேன். படங்கள் பூட்டியபடியேதான் இருக்கின்றன; மீட்பு வட்டு நச்சுநிரலை நீக்குமே தவிர, மறையாக்கப்பட்ட கோப்பைத் திறக்காது. ஆனால் அந்தப் பழைய நச்சுநிரல் எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிவிட்டது. அது நான் பழி சொன்ன உன் விளையாட்டுகள் இருந்த இடத்தில் இல்லை. 2013 அக்டோபரில் எனக்கு வந்த மின்னஞ்சலின் இணைப்பு அது. பிடிஎஃப் போலத் தோன்றும் நிரல். என் கோப்புறையில் இருந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கிரிப்டோலாக்கர் என்ற அந்த நச்சுநிரல் அப்படித்தான் பரவியது என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன்.

உயர்நிலை நான்கில் ஓ லெவல் தேர்வு எழுதிக்கொண்டிருந்த உன்னை, அந்தச் சனிக்கிழமை சின்னம்மா முன்னிலையில் நான் என்னவெல்லாம் பேசினேன் என்பது உனக்கு நினைவிருக்கும். நீ விசாரித்துப் பார்க்கிறேன் என்றாய். வட்டைத் தொடவே விடவில்லை. 2014-இல் கிரிப்டோலாக்கரைப் பரப்பிய கும்பலின் வலையமைப்பு முடக்கப்பட்ட பிறகு, பாதிக்கப்பட்ட பலருக்குத் திறவுகோல்கள் இலவசமாகக் கிடைத்தனவாம். அப்போது வட்டு உன் கையில் இருந்திருந்தால் நீ தேடிப் பிடித்திருப்பாய். நான்தான் அதைப் பெட்டியில் போட்டு மூடினேன். தவறு என்னுடையது, செழியா. படங்கள் போனதும் என்னால்தான், உன்னைத் திருடனைப் போல நிற்கவைத்ததும் நான்தான்.

பிட்லாக்கரை மீண்டும் இயக்கியபோது புதிய சாவி வந்தது. அதை அடுத்த பக்கத்தில் எழுதினேன். உன் பக்கத்தைக் கிழிக்கவில்லை. அம்மாவிடம் நேற்றிரவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சின்னம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வரும் சனிக்கிழமை நேரில் போய்ச் சொல்வேன்.

அன்புடன்,
அப்பா