யோசமிட்டி தேசியப் பூங்கா (கலிஃபோர்னியா) போகிறவர்கள் கவனத்துக்கு

அனைவருக்கும் வணக்கம். இந்த வாரக் கடைசியில் கிளம்பும் குழு, அருவி பார்த்த கையோடு அரைமணி ஒதுக்கி, யோசமிட்டி கிராமத்தில் அருங்காட்சியகத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் போய் வாருங்கள். மிகச் சின்ன இடம். பலரும் பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள்.

முதலில் யோசமிட்டியின் முதல் காவலரான கேலன் கிளார்க்கின் கல்லறையைத் தேடுங்கள். நுரையீரல் நோயால் சில மாதமே தாங்குவார் என்று மருத்துவர்கள் கைவிட்டவர், 1910-இல் 95 வயதில்தான் கண்மூடினார்! சாவதற்குச் சுமார் இருபது ஆண்டு முன்பே இடம் தேர்ந்து, ஒரு கருங்கல் பாறையில் தன் பெயரைத் தானே செதுக்கி, சுற்றிலும் செக்வோயா (ராட்சத ஊசியிலை மரம்) கன்றுகளை நட்டுவிட்டார். அவ்வளவு அவசரம் எதற்கோ!

பள்ளத்தாக்கில் ஆப்பிள் தோப்பு போட்ட ஜேம்ஸ் லாமன் (மறைவு 1875), அதே ஆண்டு பாறையில் துளையிட்டு ஆணியடித்து ஹாஃப் டோம் என்ற பெரிய பாறைக் குன்றின் உச்சிக்கு முதலில் ஏறிய ஜார்ஜ் ஆண்டர்சன், இருவரும் இங்கேதான். பூர்வகுடி மக்களும் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுடைய இடங்களையும் நின்று பாருங்கள், அந்தப் பள்ளத்தாக்கே அவர்களுடையதுதானே.

அப்புறம் ஒன்று: எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சுண்ணக்கட்டி பூசுவது, பாசியைச் சுரண்டுவது வேண்டாம். பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தாலே எழுத்து தெரியும். படங்களை இங்கேயே போடுங்கள்.