அக்காவுக்கு, பித்தப்பை எடுக்க முன்னம்

ஸ்காபரோ, கனடா
மாசி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவரும் பிள்ளைகளும் நல்ல சுகம். அங்கே அம்மாவும் அத்தானும் நீங்களும் சுகமாக இருக்க நல்லூர் முருகனை வேண்டுகிறேன்.

போன் இருக்க ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கதைப்பீர்கள். அம்மா பக்கத்தில் இருப்பா, பக்கத்து வீட்டு மாமியும் வந்திருப்பா. வயிற்று விஷயம், கக்கூஸ் விஷயம் எல்லாம் அப்படிக் கதைக்க ஏலாது. உங்களுக்குப் பித்தப்பையில் கல்லு என்று ஸ்கானில் வந்ததையும், பெரியாஸ்பத்திரியில் ஒப்பரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் கேட்டதிலிருந்து எனக்கு இதே யோசனைதான். எனக்கு அதை எடுத்தபோது, பிறகு என்ன நடக்கும் என்று இருந்து சொல்ல ஒருத்தரும் இல்லை. உங்களுக்கு அப்படி இருக்கக் கூடாது.

செய்யலாமா விடலாமா என்று கேட்டீர்கள். டொக்டர் செய்யச் சொன்னால் செய்யுங்கள், அக்கா. சாப்பிட்ட பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுவரை இழுக்கிறது என்றால் கல்லு சும்மா கிடக்கவில்லை. அது நழுவிப் பித்தக் குழாயை அடைத்தால் செங்கண்மாரி வரும். கணையம் வீங்கினால் உயிருக்கே ஆபத்து. நான் இனிமேல் எழுதப் போவதை வாசித்துவிட்டுப் பயந்து ஒப்பரேஷனைத் தள்ளிப் போட்டுவிடாதீர்கள். எடுத்ததற்காக நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. அந்த நோ இனி இல்லை என்பதே பெரிய நிம்மதி.

ஒப்பரேஷன் பெரிய விஷயமில்லை. பெரியம்மாவுக்கு அந்தக் காலத்தில் விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டித் தைத்த தழும்பு உங்களுக்கு நினைவிருக்கும். இப்போது பெரும்பாலும் சின்னத் துளைகள் நாலு போட்டு, கமரா விட்டு எடுத்துவிடுகிறார்கள். 1985இல் ஜேர்மனியில் எரிக் மூஹே என்ற டொக்டர்தான் முதன்முதலில் இப்படி எடுத்தவராம். வயிற்றை ஊதிப் பெருப்பிக்கக் காபனீரொட்சைட்டு வாயு விடுவார்கள். அதனால் முதல் சில நாள் வலத் தோள்மூட்டு நோகும். வயிற்றில் வெட்டிவிட்டுத் தோள் ஏன் நோகுது என்று நான் பயந்து போனேன், பிறகு தானாகவே போய்விட்டது. பாரம் தூக்குவதுதான் கவனம். எனக்கு ஆறு கிழமை தூக்க வேண்டாம் என்றார்கள். நீங்கள் கிணற்றடிப் பக்கம் வாளியோடு போகாமல் மகனைக் கொண்டு அள்ளுவியுங்கள்.

இனித்தான் விஷயம். ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர்வரை பித்தநீர் சுரக்கிறது. பை அதில் கொஞ்சத்தை வாங்கி, இறுக்கி, வைத்திருக்கும். 30, 50 மில்லிலீற்றர்தான் அதன் கொள்ளளவு. நாங்கள் கொழுப்பாக ஏதும் சாப்பிட்டால் அந்த நேரம் பார்த்துக் குடலுக்குள் விடும். அப்பா தோட்டத்துக்குத் தொட்டியில் தண்ணீர் கட்டி வைத்துத் தேவையான நேரம் திறந்து விடுவாரே, அதுதான். தொட்டியை உடைத்துவிட்டால் வாய்க்காலில் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் தேவைப்படும்போது ஒரேயடியாக வராது. அதனால் எண்ணெய்ச் சாப்பாடு ஒரேயடியாகப் போனால் செமிக்கக் கஷ்டப்படும், வயிறு ஊதும், வாய்வு. சிலருக்கு உறிஞ்சாமல் மிஞ்சுகிற பித்த அமிலம் பெருங்குடலுக்குள் இறங்கி அங்கே தண்ணீரை இழுக்கும். அவர்களுக்குத்தான் சாப்பிட்ட உடனே வயிற்றாலே போகிறது. பலருக்கு இது வராது, வந்தாலும் கொஞ்சக் காலத்தில் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை.

இந்த நாட்டில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். காலமை ஐந்து மணிக்கு, இன்னும் இருட்டாக இருக்கும்போதே, லோறன்ஸ் வீதியில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். பனி கொட்டும். இரண்டு காற்சட்டை, அதற்கு மேலே பெரிய ஜக்கெற், கையுறை. அந்த உடுப்பெல்லாம் கழற்றவே நேரம் எடுக்கும். ஊரில் என்றால் அவசரத்துக்கு எந்த வீட்டுப் படலையையும் திறந்துகொண்டு போகலாம், தெரிந்த முகம் ஒன்று இருக்கும். இங்கே பஸ் போகும் வழியில் எந்தக் கோப்பிக் கடை அந்த நேரம் திறந்திருக்கும், எதில் வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் கழிப்பறைக்கு விடுவார்கள் என்று எல்லாம் எனக்கு மனப்பாடம். பாதி வழியில் இறங்கி ஓடி, பிறகு அடுத்த பஸ்ஸுக்கு நின்று, வேலைக்குப் பிந்திப் போன நாட்களும் உண்டு. வேலைத்தலத்தில் பொதி கட்டும் வரிசையை விட்டு நான் அடிக்கடி போகிறேன் என்று மேற்பார்வையாளர் எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன், அக்கா. அதை இதுவரை ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

அப்புறம் என்ன நடந்தது என்றால், பஸ்ஸில் பயமில்லாமல் போக வேண்டும் என்பதற்காகக் காலமை சாப்பிடுவதையே விட்டேன். வேலைத்தலத்திலும் பிளேன் ரீயும் இரண்டு பிஸ்கற்றும்தான். வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும்போது கைகால் நடுங்கும் பசி. இனி எங்கும் போகத் தேவையில்லை, கழிப்பறை பக்கத்தில் இருக்கிறது என்ற தைரியத்தில் ஒரு கோப்பை நிறையச் சோறு. கொழுப்பு ஒத்துக்கொள்ளாது என்று மீன் பொரியலும் இறைச்சியும் இல்லை, அதற்குப் பதிலாக வெள்ளைச் சோறு, பாண், ஜாம், உருளைக்கிழங்கு. வயிற்றுக்கு அவை சுகமாக இருந்தன. சாப்பிட்ட கையோடு படுக்கை. வெளியே மைனஸ் 15, நடக்க வழியில்லை.

ஒப்பரேஷனுக்கு முதல் நோவுக்குப் பயந்து கஞ்சியும் ரஸ்க்கும் சாப்பிட்டு 58 கிலோவுக்கு இறங்கியிருந்தேன். ஒன்றரை வருஷத்தில் 71.

போன வருஷம் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு “கனடாத் தண்ணி பிடிச்சிட்டுது” என்று நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள். மனம் குளிர்ந்துதான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். இங்கேயும் அப்படித்தான். சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று மண்டபத்துக்குப் போனால் றோல்ஸ், பற்றிஸ், பருத்தித்துறை வடை என்று தட்டு வந்துகொண்டே இருக்கும். நான் வேண்டாம் என்றால், “இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு சாப்பிடாமலோ இருக்கிறாய்” என்பார்கள். என்னுடைய உடம்பு வசதியைக் காட்டவில்லை, அக்கா. பகல் முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பு அது.

இங்கே வைத்தியசாலைச் செலவு, டொக்டரைப் பார்க்கிற செலவு எல்லாம் ஒன்ராறியோ சுகாதார அட்டையில் போகும், கையால் காசு இல்லை. மருந்துக்குத்தான் எங்களைப் போன்றவர்கள் தாங்களே கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலைத்தலக் காப்புறுதி இருக்க வேண்டும். இவருடைய வேலையில் அது இருப்பது எங்கள் அதிர்ஷ்டம். குடும்ப டொக்டரிடம் வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் சீனி, கொலஸ்ரரோல், தைரொயிட் எல்லாம் சோதித்தார். ஸ்கானில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரிந்தது. பித்தப்பை இல்லாததால்தான் உடம்பு வைத்தது என்று எல்லாப் பழியையும் அதில் போட ஏலாது, என்ன நேரம் என்ன சாப்பிடுகிறாய் என்று சொல் என்றார். சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கியது. வயிற்றாலே போவது ஒரு வருத்தம், உடம்பு வைப்பது வேறொரு வருத்தம் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒரு கயிற்றின் இரண்டு முனை. முதலாவதை அடக்காமல் இரண்டாவதைத் தொட ஏலாது.

கொலஸ்ரைரமின் என்று ஒரு தூள் தந்தார். குடலில் அலையும் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடுமாம். தோடம்பழச் சாற்றில் கலக்கினாலும் கரையாது. கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி கலக்கி ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். கரகரவென்று பல்லில் கடிபடும். அடியில் தங்கியதைத் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிப்பேன். சில நாளில் வயிறு அடங்கத் தொடங்கிவிட்டது. அளவு கூடினால் மலச்சிக்கல் வரும், அதனால் டொக்டர் கூட்டிக் குறைத்து எனக்கு ஒரு அளவு பிடித்துத் தந்தார்.

உங்களுக்கும் இந்த வருத்தம் வந்தால் அங்குள்ள டொக்டரிடம் பித்த அமிலத்தால் வருகிறதோ என்று கேளுங்கள், தூளின் பெயரையும் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நீங்கள் காலமை போடும் தைரொயிட் குளிசையை அந்தத் தூள் பிடித்துக்கொள்ளும், மருந்து உடம்பில் சேராது. இரண்டுக்கும் இடையில் குறைந்தது நாலு மணித்தியாலம் விட வேண்டும். எந்த நேரம் எதைப் போடுவது என்று டொக்டரைக் கொண்டே எழுதுவித்து வாங்குங்கள்.

வயிறு அடங்கியதும் காலமை சாப்பிடத் துணிவு வந்தது. இப்போது ஓட்ஸ் கஞ்சி, அல்லது குரக்கன் புட்டுக் கொஞ்சம். கரையும் நார் உள்ள சாப்பாடு குடலில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் என்று சொன்னார்கள். மதியத்துக்குப் பெட்டியில் கொஞ்சச் சோறு, பருப்பு, கீரை, மீன் குழம்பு. இரவுக்குப் பசி அவ்வளவு இராது. காலமையும் மதியமும் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் உடம்பு இறங்குகிறது. அம்மா இதை நம்ப மாட்டா. இப்போது 67. அவசரமாக இறக்கவும் கூடாது என்றார் டொக்டர். பை உள்ளவர்களுக்கு உடம்பு கடகடவென்று இறங்கினால் கல்லு உண்டாகுமாம். நீங்களும் ஒப்பரேஷன் முடியும்வரை உடம்பைக் குறைக்கிறேன் என்று நாள்கணக்கில் பட்டினி இருக்க வேண்டாம். விரதம் பிடிப்பதென்றால் டொக்டரைக் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

உங்களுக்கு அங்கே சாப்பாடு வசதி. சொதிக்கு முதற்பாலைச் சேர்க்காமல் இரண்டாம் பாலில் வையுங்கள். முதல் ஒரு மாதம் பொரியல், தேங்காய்ப்பூக் கூடிய சம்பல், ஆட்டிறைச்சி வேண்டாம். பிறகு ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து எது ஒத்துக்கொள்கிறது என்று பாருங்கள். எனக்குச் சூடை மீன் குழம்பு ஒன்றும் செய்யாது, முட்டைப் பொரியல் உடனே காட்டிவிடும். உங்களுக்கு வேறுமாதிரி இருக்கலாம். கொழுப்பை முழுக்க விடவும் தேவையில்லை, ஒரேயடியாகப் போடாமல் இருந்தால் சரி. ஒரு கொப்பியில் என்ன சாப்பிட்டீர்கள், வயிறு எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். எனக்குப் பெரிய உதவி செய்தது அந்தக் கொப்பிதான். கோயில் வீதியைச் சுற்றிப் பின்னேரம் நடவுங்கள். இங்கே பனிக்காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் கடைத்தொகுதிக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். நானும் சனி ஞாயிறில் இவரோடு போகிறேன்.

இவையெல்லாம் பொறுத்துப் பார்க்கிற விஷயங்கள். பொறுக்கக் கூடாதவை வேறு. காய்ச்சல், குளிர்நடுக்கம், கண் மஞ்சளாவது, சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போவது, மலம் வெளிறிப் போவது, பழைய நோவே திரும்ப வருவது, இதில் எது வந்தாலும் கை வைத்தியம் ஒன்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பை போனாலும் குழாயில் கல்லு தங்கியிருக்கலாம். குழாய் காயப்பட்டுப் பித்தம் கசியவும் கூடும். இரவு என்றாலும் ஓட்டோ பிடித்துப் போய்விட வேண்டும். அத்தானுக்கு இந்தப் பந்தியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள்.

நீங்கள் இப்போது போடுகிற எல்லாக் குளிசைகளின் பெயரையும் எழுதி ஒப்பரேஷனுக்கு முதல் டொக்டரிடம் காட்டுங்கள். ஸ்கான் அறிக்கையைப் படமெடுத்து எனக்கும் வைபரில் அனுப்புங்கள். செலவுக்கு இவர் கொஞ்சக் காசு போட்டிருக்கிறார், அத்தானின் கணக்குக்கு வந்ததா என்று பாருங்கள். திகதி முடிவானவுடன் சொன்னால் நான் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுப் போனடியில் இருப்பேன்.

இப்படிக்கு
உங்கள் அன்புத் தங்கச்சி