ஊறல் நின்றுபோன விஷயமாக மணியத்துக்கு

பட்டர்வொர்த்,
ஜூலை, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மணியம்,

இங்கே எல்லாரும் நலம். உன் நீண்ட கடிதத்தை வீட்டுக்காரி உரக்கப் படித்தாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதும் நீ கோயில் கமிட்டியில் சேருவாய், இல்லையென்றால் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவாய் என்று நினைத்திருந்தோம். ஆக்லாந்து குளிரில் கராஜுக்குள் சாராய ஊறல் போட்டுவிட்டுக் காவல் இருப்பாய் என்று யார் கண்டது? "அங்கே போலீஸ் பிடிக்காதா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. நியூசிலாந்தில் 1996-இல் சட்டத்தை மாற்றிவிட்டார்கள், சொந்தத்துக்கு வடித்துக்கொள்ளலாம், விற்கத்தான் கூடாது என்றேன். பாதி நம்பினாள். இங்கே மலேசியாவில் 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின்படி லைசென்ஸ் இல்லாமல் வடித்தால் கஸ்டம்ஸ்காரன் வாசலுக்கு வந்துவிடுவான். அதனால் உனக்கு நான் சொல்லப்போவதெல்லாம் காகிதத்தில் போட்ட கணக்கும், சீனி ஆலை லாபில் கழித்த காலத்தில் கற்றதும்தான். நான் குடிப்பதில்லை என்பதும் உனக்குத் தெரியும். ஆனால் சீனி என்ன ஆகிறது என்று பார்ப்பதில் எனக்கு இன்னும் ஆசை போகவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 8 கிலோ சீனி, பேக்கரி ஈஸ்ட், மொத்தம் 25 லிட்டர் வரும்வரை தண்ணீர். வேறு எதுவும் போடவில்லை. தொடக்கத்தில் அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.123 காட்டியது, இப்போது 1.040-இல் வந்து நிற்கிறது, அசையவே மாட்டேன் என்கிறது, ஈஸ்ட் செத்துவிட்டதா என்று கேட்டிருந்தாய்.

நீ எழுதிய எண்களை வைத்தே கணக்குப் போடு. சீனி சாராயமாக மாற மாற இந்த எண் இறங்கும். 1.123-லிருந்து 1.040-ஐக் கழித்தால் 0.083. அதை 131-ஆல் பெருக்கினால் 10.9. அதாவது உன் ட்ரம்மில் இப்போதே ஏறக்குறைய 11 சதவீதம் சாராயம் இருக்கிறது. பேக்கரி ஈஸ்ட் பெரும்பாலும் 10, 12 சதவீதத்தோடு மடங்கிவிடும். அதற்குமேல் தான் உண்டாக்கிய சாராயமே அதற்கு விஷம். ஆக, உன் ஈஸ்ட் பாதியில் விட்டுவிட்டு ஓடவில்லை. தன்னால் முடிந்ததை முடித்துவிட்டது. சீனியைத்தான் நீ அளவுக்கு மீறிக் கொட்டியிருக்கிறாய்.

லிட்டருக்கு 17 கிராம் சீனி, 1 சதவீதம் சாராயம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள். 25 லிட்டரில் 8 கிலோ என்றால் லிட்டருக்கு 320 கிராம், கிட்டத்தட்ட 19 சதவீதத்துக்கான சீனி. எந்த பேக்கரி ஈஸ்ட்டும் அந்த உயரத்துக்கு ஏறாது. அவ்வளவு சீனி தொடக்கத்திலேயே இருந்தால் ஈஸ்ட்டின் உடம்பிலிருக்கும் நீரையும் அது வெளியே இழுக்கும். முளைக்கும்போதே மூச்சுத் திணறும். டர்போ ஈஸ்ட் என்று பொட்டலத்தில் விற்கிறார்களே, அது 18 வரை போகும் என்பார்கள். போகலாம். ஆனால் அப்படி விரட்டி எடுத்த சரக்கில் பெயின்ட் தின்னர் வாடை அடிக்கும் என்று வடிப்பவர்களே சொல்கிறார்கள். அடுத்த முறை 5 கிலோ போதும். லிட்டருக்கு 200 கிராம், ஹைட்ரோமீட்டரில் 1.077 அளவில் வரும், முடியும்போது 12 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைய நிற்கும். இங்கே கட்டுப்பாட்டு விலையில் சீனி கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு. உன் ஊரில் விலை எவ்வளவாக இருந்தாலும் மீதி 3 கிலோ வீண்தானே.

இப்போதைய ட்ரம்மை என்ன செய்வது? கொட்டிவிடாதே. அளவு பெரிய ட்ரம் ஒன்றுக்கு மாற்றி, 10, 12 லிட்டர் தண்ணீர் சேர். சாராயம் 7, 8 சதவீதத்துக்கு இறங்கும், ஈஸ்ட்டுக்கு மறுபடி இடம் கிடைக்கும். புது ஈஸ்ட்டை நேரே உள்ளே தூவினால் அதுவும் செத்துப்போகும். ஒரு ஜாடியில் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சீனியோடு முதலில் அதை எழுப்பிக்கொள். நுரை கட்டியதும் உன் ஊறலில் ஒரு கப் எடுத்து அதில் ஊற்று, சில மணி நேரம் கழித்து இன்னொரு கப், அப்புறம் ஒரு லிட்டர். அந்த ஜாடி தளராமல் பொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் ட்ரம்மில் சேர்.

அளக்கும்போது ஒரு விஷயம். ஹைட்ரோமீட்டரின் கண்ணாடியில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கும், எண் கூடுதலாகத் தெரியும். போட்டதும் விரல் நுனியால் ஒரு சுற்றுச் சுழற்றிவிடு, குமிழி உதிரும். நீரின் விளிம்பு கண்ணாடியை ஒட்டி மேலே ஏறி நிற்குமே, அதைப் படிக்காதே, கண்ணைத் தாழ்த்தி நடுமட்டத்தைப் படி. ஆலையில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லாரும் விளிம்பைத்தான் படிப்பார்கள்.

அடுத்தது சாப்பாடு. வெள்ளைச் சீனியைச் சுத்தம் சுத்தம் என்று நாங்கள் ஆலையில் பெருமை பேசுவோம். அந்தச் சுத்தம்தான் இங்கே தொல்லை. கரும்புச் சாற்றில் இருந்த உப்பு, தாது, புரதம் எல்லாவற்றையும் விலக்கி எடுத்த பொருள் அது. ஈஸ்ட்டுக்கு வெறும் சீனி என்பது குழம்பில்லாத சோறு. பசி அடங்கும், உடம்பு வளராது. உடம்பு வளர நைட்ரஜன் வேண்டும். ஒயின் செய்பவர்கள் வாங்கும் கடையில் டை அமோனியம் பாஸ்பேட் கிடைக்கும், லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் 25 கிராம் போடு. எப்சம் உப்பு கால் தேக்கரண்டி. தக்காளி பேஸ்ட் ஒரு சின்ன டின் போடுகிறவர்களும் உண்டு, அதுவும் நல்ல யோசனைதான், தாதுவும் வைட்டமினும் கிடைக்கும். ஒரு பிடி பேக்கரி ஈஸ்ட்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்துக் கொன்று ஊற்றினாலும் உயிரோடு இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வளரும். மொலாசஸ் கிடைத்தால் அரைக் கிலோ சேர்த்துக்கொள். ஆலை கழித்துத் தள்ளும் அந்தக் கறுப்புப் பாகில்தான் தாதுவெல்லாம் தங்கியிருக்கிறது, சாராய ஆலைக்காரர்கள் லாரி லாரியாக அள்ளிப்போவது சும்மாவா?

தோட்டத்துக்கு வாங்கிய யூரியாவை மட்டும் போடாதே. மலிவு என்று சிலர் போடுகிறார்கள். யூரியாவும் சாராயமும் சேர்ந்தால் எத்தில் கார்பமேட் என்பது உண்டாகும், புற்றுநோய் வரவைக்கக்கூடியது என்று சந்தேகப்பட்டியலில் இருக்கிற பொருள் அது. பத்து வெள்ளி மிச்சத்துக்கு அந்த ஆபத்து எதற்கு?

புளிப்பையும் பார். வெறும் சீனி ஊறலில் புளிப்பைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் ஈஸ்ட் வேலை செய்யச் செய்ய அது சர்ரென்று ஏறும். புளிப்பை நிறத்தால் காட்டும் பிஹெச் தாள் வாங்கித் தொட்டுப் பார். புளிப்பு ஏற ஏற அதன் எண் இறங்கும். 3.5-க்குக் கீழே போய்விட்டால் ஈஸ்ட் திணறும், 3-க்குக் கீழே என்றால் நின்றேவிடும். கழுவிக் காயவைத்த சிப்பி ஓட்டை ஒரு துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடு. புளிப்பு ஏறினால் ஓடு கரைந்து அதைச் சமன் செய்யும், ஏறாவிட்டால் சும்மா கிடக்கும். புளிப்பை அடக்கும் தூளைக் கரண்டி கரண்டியாகக் கொட்டுவதைவிட இது மேல். உங்கள் கடற்கரையில் சிப்பிக்கா பஞ்சம்?

அப்புறம் குளிர். பேக்கரி ஈஸ்ட்டுக்கு 25-லிருந்து 30 டிகிரி சுகம். இங்கே சமையலறை மூலையில் வைத்தாலே அது தானாகக் கிடைக்கும். எங்களுக்குச் சூடு கூடிப்போவதுதான் தலைவலி, கூடினால் தலைபாரம் தரும் கனத்த சாராயங்கள் அதிகம் உண்டாகும். உனக்கு ஜூலையில் ராத்திரி 8, 10 டிகிரி. ட்ரம்மைப் பழைய கம்பளியால் சுற்று, மீன்தொட்டி ஹீட்டரைத் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியில் போட்டு அதற்குள் ட்ரம்மை இறக்கு. ஆனால் குளிருக்குப் பயந்து கராஜை இறுக மூடிவிடாதே. சீனியின் எடையில் பாதி காற்றாகப் போகிறது. 5 கிலோவுக்கு 2.5 கிலோ கரியமில வாயு. அது கனம், தரையோடு தேங்கும். கதவைக் கொஞ்சம் திறந்து வை.

அடுத்த ஊறலுக்குச் சீனியை முதலில் எட்டு லிட்டர் சுடுதண்ணீரில் கரை, பிறகு பச்சைத்தண்ணீர் ஊற்றி 30 டிகிரிக்கு இறக்கு. ஈஸ்ட் போடும் முன் நன்றாகக் குலுக்கு, வளர்வதற்குக் காற்று வேண்டும். பொங்க ஆரம்பித்த பின் குலுக்காதே. எலுமிச்சைச் சாறு ஊற்றி மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சீனியை உடைக்க வேண்டும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். தேவையில்லை. உடைக்கும் நொதி ஈஸ்ட்டிடமே இருக்கிறது. எண் 1.000-க்குக் கீழே, 0.990 பக்கம் வந்து இரண்டு நாள் அசையாமல் நின்றால் முடிந்தது. உடனே வடிக்காதே. ஒரு வாரம் குளிரில் விடு, மேலே தெளியும், அடியில் வெண்சேறாக ஈஸ்ட் படியும். தெளிவை மட்டும் குழாய் வைத்து இழு. சேற்றோடு அடுப்பேற்றினால் அடிப்பிடித்துக் கருகும், அந்த வாடை கடைசிச் சொட்டுவரை போகாது. இதற்குக் குளிர் உனக்கு உதவி, எனக்கு வாய்க்காதது.

கண் போய்விடுமா என்று பயந்து கேட்டிருக்கிறாய். கண்ணைப் பறிக்கும் மெத்தனால் என்ற விஷச் சாராயம் பழத்திலும் பட்டையிலும் இருக்கும் பெக்டினிலிருந்து வருவது. வெள்ளைச் சீனியில் பெக்டின் கிடையாது. உன் ஊறலில் கவலைப்படும் அளவுக்கு அது உண்டாகாது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மலிவுச் சரக்கைக் குடித்து 30 பேருக்கு மேல் இறந்தார்களே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் போனார்களே, இரண்டிலும் ஆளைக் கொன்றது மெத்தனால்தான். அவ்வளவு மெத்தனால் எந்த ஊறலிலிருந்தும் வராது. ஆலைக்கென்று தயாரித்ததை மனிதன் கொண்டுவந்து கலந்தால்தான் உண்டு. வாடையிலும் ருசியிலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் உன் சரக்கை நீ செய், வாங்கி மட்டும் குடிக்காதே. உனக்கு நிஜமான ஆபத்து நெருப்பு. 78 டிகிரியில் எழும் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். கேஸ் அடுப்பு வேண்டாம், கரண்ட் அடுப்பு வை, வடியும்போது எழுந்து போகாதே. ஈயம் வைத்துப் பற்றவைத்த பாத்திரமும் வேண்டாம்.

உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் அண்ணன் தோட்டத்து லயத்தில் குடியிருந்த காலத்துக்குப் போய்விட்டார். சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார்களாம், புருஷன் உள்ளே நுழையும் முன் காசைப் பிடுங்க. தோட்டத்துக்குள்ளேயே கடையை வைத்துக் கொடுத்த கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. 1947-இல் கெடாவில் தொண்டர் படை கிளம்பியதும் கள்ளை எதிர்த்துத்தான். அந்தக் கடைகள் போய்ச் சின்ன பாட்டிலில் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது, அது இன்னும் மோசம். உன் கராஜ் வேறு, அது வேறு என்று எனக்குத் தெரியும். நீ ஒரு மாதம் பாடுபட்டு ஒரு பாட்டிலை எடுத்து நாலு பேரோடு பகிர்கிறாய். அண்ணனுக்கு மட்டும் விளக்க முடியவில்லை, சாராயம் என்றதும் எழுந்து போய்விட்டார்.

ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. நாம் காரோடு ஏறிப்போன பழைய பினாங்கு ஃபெரி இல்லாமல் போனது உனக்குத் தெரியும். 2023-லிருந்து புது ஃபெரி ஓடுகிறது, ஆள்களையும் மோட்டார் சைக்கிளையும்தான் ஏற்றுகிறார்கள். பாலிக் பூலாவ் துரியான் வந்திருக்கிறது, சர்க்கரை வியாதிக்காரன் என்பதால் எனக்கு ஒரு சுளைதான் அனுமதி. உங்கள் ஊர் செல்சி சீனி ஆலை 1884-லிருந்து ஓடுவதாகப் படித்தேன். அந்தப் பக்கம் போனால் வெளியே நின்றாவது ஒரு படம் எடுத்து அனுப்பு, கொதிகலன் வீடு தெரிகிற மாதிரி.

தண்ணீர் சேர்த்த பிறகு ஹைட்ரோமீட்டர் என்ன காட்டுகிறது, பிஹெச் தாள் என்ன நிறம், ட்ரம்முக்குள் வெப்பம் எவ்வளவு, இந்த மூன்றையும் மறக்காமல் எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கோபால்